கேட்ட வரம் கிடைத்த பிறகு: பிள்ளையாசையும் திகில் கதைகளும்

செக் நாட்டுப்புறக் கதை ஒன்று உண்டு. பிள்ளையில்லாத ஓர் ஏழைத் தம்பதி. கணவன் காட்டில் தோண்டியெடுத்த மரத்தின் அடிக்கட்டை, தலையும் கைகால்களுமாகப் பச்சைக்குழந்தை போலவே இருக்கிறது. கொஞ்சம் செதுக்கிச் சரிசெய்து, "இந்தா, நீ ஆசைப்பட்ட பிள்ளை" என்று மனைவி கையில் கொடுக்கிறான். அவள் துணியில் சுற்றித் தாலாட்டுகிறாள். கட்டை கண் விழிக்கிறது, பசிக்கிறது என்கிறது. கஞ்சி, பால், ரொட்டி என்று வைத்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு அம்மாவையே விழுங்குகிறது. அப்பா வந்ததும் அவரையும். அப்புறம் ஊரையே விழுங்கக் கிளம்பிவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கரெல் யாரோமீர் எர்பென் எழுதிவைத்த 'ஓட்டெசானெக்' கதை இது. இயக்குநர் யான் ஷ்வான்க்மையர் 2000-ஆம் ஆண்டு இதை அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஒரு நகரத்துத் தம்பதியின் கதையாகப் படமாக்கினார். அதில் மனைவி வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு கர்ப்பிணியாக நடமாடுகிறாள். மாதத்துக்கு ஒன்றாக, அளவு கூடிக்கொண்டே போகும் தலையணைகளை அவளே தைத்தும் வைத்திருக்கிறாள். சிரிக்க வைக்கிற காட்சிதான், ஆனால் முழுதாகச் சிரிக்க முடியாது.

மரக்கட்டைக் குழந்தை நமக்கும் புதிதல்ல. பழையனூர் நீலி தன்னை முற்பிறவியில் கொன்றவனைத் துரத்தி வரும்போது, ஒரு கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஊரார் முன்னால் நிற்கிறாள். இவன் என் கணவன் என்று அவள் சொல்வதை ஊர் சந்தேகிக்கலாம். குழந்தை அவனை அப்பா என்று அழைத்த பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. செக் கதையின் தாய் கட்டையை நேசித்து ஏமாறுகிறாள், பழையனூர் ஊரார் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். இடுப்பில் குழந்தை இருந்துவிட்டால் மேற்கொண்டு கேள்வி கேட்கத் தோன்றாது என்பதை இரண்டு கதைகளும் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கின்றன.

பிள்ளைகளைப் பற்றிய திகில் கதை என்றதும், கண்ணை உருட்டிக்கொண்டு கொலை செய்யும் சிறுவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். இந்த வகையில் நின்று நிலைத்த கதைகளைப் பார்த்தால் பயம் இருக்கும் இடம் வேறு. குழந்தை என்னவென்று தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் பெற்றவள், அல்லது பெற்றவன், அதைத் தூக்கிக்கொள்கிறார்கள். வாசகரை உறைய வைப்பது அந்தக் கணம். அரக்கனைக் கண்டு ஓடுவது எளிது, தன் பிள்ளையை விட்டு ஓட வழியில்லை. சரி, இதை முடிவுகளைச் சொல்லாமல் விளக்க முடியாது. படிக்காத நூல்களின் முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தப் பயத்தின் பழைய வடிவத்தில் ஆபத்து வெளியிலிருந்து வந்தது. மெசபடோமியர்கள் லமாஷ்து என்ற பெண் தெய்வத்துக்கு அஞ்சினார்கள். கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுக் கருவைக் கொல்பவள், தொட்டிலிலிருந்து சிசுவைக் கவர்ந்து போகிறவள். அவளை விரட்ட அவர்கள் துணைக்கு அழைத்தது பசூசு என்ற இன்னொரு பூதத்தை. அதன் தலையுருவைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். 1971-இல் வெளிவந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' நாவலில் ஒரு சிறுமியைப் பிடித்தாட்டும் பூதம் இதே பசூசுதான். தாயையும் சேயையும் காத்துவந்த காவல்காரனுக்கு இப்படி ஒரு கதி! கிரேக்கர்களின் லாமியா, தன் பிள்ளைகள் கொல்லப்பட்டதால் அடுத்தவர் பிள்ளைகளைத் தின்னத் தொடங்கியவள். மலாய்க்காரர்களின் பொந்தியானாக், ஜப்பானியரின் உபுமே இரண்டும் பிரசவத்தோடு தொடர்புள்ள சாவில் பிறந்த பேய்கள். நவீன மருத்துவத்துக்கு முந்தைய உலகில், பிறந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி பெரியவர்களாகும் முன்பே இறந்துபோயின. அப்படிப்பட்ட வீடுகளில் பேய்க்கு ஒரு பெயராவது இருந்தால் அதைத் திட்டவாவது முடியும்.

ஐரோப்பியக் கிராமங்களில் வழங்கிய 'மாற்றுக் குழந்தை' கதைகள் இன்னும் ஒரு படி உள்ளே வருகின்றன. தேவதைகள் நல்ல குழந்தையை எடுத்துக்கொண்டு, நோஞ்சானாகவும் ஓயாமல் அழுவதாகவும் ஒன்றைத் தொட்டிலில் விட்டுப்போகும் என்பது நம்பிக்கை. உண்மையான பிள்ளையைத் திரும்பப் பெற வேண்டுமானால் இந்தப் பிள்ளையை வெளியில் கிடத்த வேண்டும், சூடு வைத்து மிரட்ட வேண்டும் என்றெல்லாம் கதைகள் வழி சொல்லின. ஊனத்தோடோ தீராத நோயோடோ பிறந்த குழந்தைகளைத்தான் இக்கதைகள் பேசுகின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இங்கே கொடூரம் தேவதைகளிடம் இல்லை. இது என் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாய். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவிடச் சொல்பவளும் சொந்தத் தாய்தான். பிந்தைய பதிப்புகளில் இருவரும் மாற்றாந்தாய்களாகிவிட்டார்கள். பெற்றவள் அப்படிச் செய்வாள் என்பதைக் குழந்தைகள் கையில் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். அதே கிரிம் தொகுப்பில், முள்ளம்பன்றியாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கொரு பிள்ளை வேண்டும் என்று வாய்தவறிக் கேட்டுவிட்ட விவசாயி ஒருவனும் வருகிறான். இடுப்புக்கு மேலே முள்ளம்பன்றியாகவே ஒன்று பிறக்கிறது. எட்டு ஆண்டுகள் அதை அடுப்புக்குப் பின்னால் வைக்கோலில் போட்டு வைத்திருக்கிறார்கள். இது செத்துத் தொலையாதா என்று அப்பன் நினைப்பதைக் கதை மறைக்காமல் சொல்கிறது.

தாயத்தோ தேவதையோ தலையிடாத பிறப்பு ஒன்றை எழுதியவர் மேரி ஷெல்லி. அவரைப் பெற்ற சில நாட்களிலேயே, 1797-இல், பிரசவக் காய்ச்சலில் அவருடைய தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் இறந்துபோனார். 1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, சில நாட்களில் இறந்தது. குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக அந்த மார்ச் மாத நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில், 18 வயதில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைத் தொடங்கினார். 1818-இல் நூல் வெளிவந்தது. நாவலின் நாயகன் விக்டர் இரண்டு ஆண்டுகள் ஊண் உறக்கமில்லாமல் உழைத்து உருவாக்கிய உயிர் கண்ணைத் திறக்கிறது. அது அழகாக இல்லை. அவன் அறையை விட்டு ஓடிப்போகிறான். அது படுக்கையருகே வந்து கை நீட்டி இளிக்கும்போது மறுபடியும் ஓடுகிறான். நாவலின் குற்றம் இவ்வளவுதான். கொலைகளெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. இறந்த உடல்களைத் தைத்து உயிர் கொடுத்ததைவிட, உயிர் வந்ததைத் தூக்காமல் போனதுதான் பாவம் என்று நாவல் விடாமல் வாதாடுகிறது. இதை ஒரு பிரசவக் கதையாகப் படிக்கலாம் என்று இலக்கிய விமர்சகர் எலன் மோயர்ஸ் 1970-களில் எழுதிய பிறகு, அப்படிப் படிக்காமலிருப்பது கடினமாகிவிட்டது. ஒரு விவரம் இன்னும் உறுத்துகிறது: அந்த உயிர் முதலில் கொல்லும் சிறுவனின் பெயர் வில்லியம். எழுதிக்கொண்டிருந்தபோது மேரியின் மடியிலிருந்த கைக்குழந்தையின் பெயரும் வில்லியம்தான்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' கதையைப் பலர் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பார்கள். மூன்று வரம் தரும் காய்ந்த பாதம். முதல் வரமாகக் கேட்ட 200 பவுண்டு, மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் செத்ததற்கான நஷ்டஈடாக வந்து சேர்கிறது. பத்து நாள் கழித்து மகனைத் திரும்பக் கேட்கச் சொல்கிறாள் தாய். உடல் கிடந்த கோலத்தைப் பார்த்த தந்தைக்கு நடுக்கம். நான் பாலூட்டி வளர்த்த பிள்ளைக்கு நான் பயப்படுவேனா என்பது அவள் பதில். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளோடு போராடும்போது, தந்தை மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது என்ன என்பதை ஜேக்கப்ஸ் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் தந்தையின் பக்கம் நியாயம் சாய்ந்திருக்கும். காட்டாததால், அவள் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இன்றுவரை கதவருகிலேயே நிற்கிறது.

ஐரா லெவின் 1967-இல் எழுதிய 'ரோஸ்மேரிஸ் பேபி' பயத்தைப் பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் கொண்டுபோய் வைத்தது. வயிற்றிலிருப்பது எதிர்பார்க்கிற குழந்தை இல்லை என்று வாசகருக்குத் தெரிந்துவிட்டால், ஒன்பது மாதமும் திகில்தானே என்பது அவர் கணக்கு. கை என்ற பெயருடைய கணவன் ஒரு நடிகன். தன் தொழில் வெற்றிக்காக மனைவியின் கருப்பையைப் பக்கத்து வீட்டுச் சாத்தான் வழிபாட்டுக்காரர்களிடம் பேரம் பேசி விற்றுவிடுகிறான். ரோஸ்மேரி பிள்ளைக்காக ஏங்கியவள் என்பதால், வலியையும் எடைக்குறைவையும் தாங்கிக்கொள்கிறாள். பேர்பெற்ற மருத்துவர் அவளுக்குச் சொல்லும் முதல் அறிவுரை: புத்தகங்களைப் படிக்காதே, தோழிகள் சொல்வதைக் கேட்காதே, எந்தக் கர்ப்பமும் இன்னொன்றைப் போல இருக்காது. வலி இரண்டொரு நாளில் போய்விடும் என்கிறார். வாரக்கணக்கில் போகவில்லை. பக்கத்து வீட்டம்மா தினமும் ஒரு பானத்தைக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்கிறாள்.

இதில் அமானுஷ்யத்தை முழுதாக நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள், முக்கால்வாசி நாவல் அப்படியே நிற்கும். கர்ப்பிணியின் உடலில் அவளைத் தவிர எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. அவளுக்கு வலிக்கிறது என்பதை அவள் சொன்னால் மட்டும் செல்லாது. கடைசியில் தப்பித்து, முன்பு பார்த்த இளம் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அவர் பொறுமையாகக் கேட்கிறார், ஓய்வெடுக்கச் சொல்கிறார், கணவனுக்கும் அந்தப் பேர்பெற்ற மருத்துவருக்கும் தகவல் கொடுத்துவிடுகிறார். சாத்தான் வரும் பக்கங்களைவிட இந்தப் பக்கங்களில்தான் எனக்குக் குலை நடுங்கியது. நாவலை முதலில் படித்தவர்கள் தாலிடோமைடு செய்திகளையும் படித்தவர்கள். மேற்கு ஜெர்மனியில் 1957-இல் விற்பனைக்கு வந்து, கர்ப்பகால மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட அந்த மாத்திரையால் உலகெங்கும் 10,000 அளவில் குழந்தைகள் உறுப்புக் குறைபாட்டோடு பிறந்தன. 1961 இறுதியில்தான் அது திரும்பப் பெறப்பட்டது. டாக்டர் கொடுத்ததைக் குடித்தேன் என்ற வாக்கியம் அந்த ஆண்டுகளில் எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாவலின் முடிவில் ரோஸ்மேரி கத்தியோடு தொட்டிலை நெருங்குகிறாள். உள்ளே இருப்பதன் கண்களைப் பார்த்து அலறுகிறாள். அது அழுகிறது. தொட்டிலை யாரோ வேகமாக ஆட்டுகிறார்கள். அப்படி ஆட்டாதே என்று சொல்லிவிட்டு, அவளே மெதுவாக ஆட்டத் தொடங்குகிறாள்.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சாத்தான் குழந்தைகள் வரிசைகட்டி வந்தன. 1976-இல் வந்த 'தி ஓமன்' படத்தில், தன் குழந்தை பிறந்தவுடன் இறந்தது என்று ரோம் நகர மருத்துவமனையில் கேள்விப்படும் தந்தை, மனைவிக்குச் சொல்லாமல் வேறொரு சிசுவை அவள் பக்கத்தில் கிடத்தச் சம்மதிக்கிறார். நல்ல ஆரம்பம். ஆனால் பையன் கெட்டவன் என்பது தலையிலேயே எண்ணாகப் பொறித்திருக்கிறது. அத்தாட்சி கிடைத்த பிறகு பெற்றவருக்குக் கேள்வி எதுவும் மிச்சமில்லை, கத்தியை எப்போது எடுப்பது என்பதைத் தவிர. இந்த ரகக் கதைகள் பயமுறுத்தும், மனத்தில் தங்காது.

தங்கும் கதைக்கு எடுத்துக்காட்டு ஸ்டீபன் கிங் 1983-இல் வெளியிட்ட 'பெட் செமட்டரி'. மெயின் மாநிலத்தில் லாரிகள் சீறிப்பாயும் சாலையோரம் அவர் குடியிருந்தபோது மகளின் பூனை அடிபட்டுச் செத்தது. சிறிய மகன் அதே சாலையை நோக்கி ஓடி, நூலிழையில் தப்பினான். தப்பாமல் போயிருந்தால் என்ற கேள்விதான் நாவல். எழுதி முடித்தவருக்கே அது அளவு மீறிய இருளாகப் பட்டதால் கொஞ்ச காலம் வெளியிடாமல் வைத்திருந்தார். கதாநாயகன் லூயிஸ் ஒரு மருத்துவர். சாவு என்றால் என்னவென்று தொழில்முறையில் அறிந்தவர். செத்ததைத் திரும்ப எழுப்பும் ஒரு பழைய இடுகாடு காட்டுக்குள் இருக்கிறது. அங்கே புதைத்தால் திரும்பி வருவது பழைய உயிர் இல்லை என்பதைப் பூனையை வைத்துப் பார்த்தும்விட்டார். இருந்தும் மகனைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்துத் தோளில் சுமந்துகொண்டு நடக்கிறார். வாசகர் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே கூடவே நடக்கிறார், ஏனென்றால் அந்த நிலையில் தானும் அதையே செய்யக்கூடும் என்று தெரியும். திரும்பி வந்த குழந்தை கொலை செய்யும் கடைசிப் பகுதி, நேர்மையாகச் சொன்னால், வழக்கமான திகில்தான். நாவலின் உச்சம் அந்த நடை.

டோனி மாரிசனின் 'பிலவட்' 1987-இல் வந்தது. 1856-இல் கென்டக்கியிலிருந்து தப்பி ஒஹையோவுக்கு ஓடிவந்த மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், பிடிபட்டபோது தன் மகளை மீண்டும் அடிமையாக விடாமல் கொன்ற சம்பவம் அதன் விதை. கொல்லப்பட்ட குழந்தை வளர்ந்த பெண்ணாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு தின்கிறது, கேட்கிறது, இன்னும் கேட்கிறது. செத என்ற பெயருடைய தாய் தன் வாயைக் கட்டி அதற்குக் கொடுத்து இளைத்துப்போகிறாள். கட்டைக் குழந்தையின் பசி இங்கே ஒரு நாட்டின் கணக்கு வழக்காகிவிடுகிறது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது, அல்லது மிகவும் தொந்தரவு செய்வது, டோரிஸ் லெஸ்ஸிங் 1988-இல் எழுதிய 'ஐந்தாவது குழந்தை'. பேயில்லை, சாபமில்லை. ஹாரியட், டேவிட் இருவரும் 1960-களின் லண்டன் நாகரிகத்துக்கு முகம் திருப்பிக்கொண்டு, நிறையப் பிள்ளைகளும் விருந்தினரும் நிறைந்த பெரிய வீட்டுக்கு ஆசைப்படுகிறார்கள். கையில் காசில்லை. டேவிட்டின் அப்பா பணம் தருகிறார், ஹாரியட்டின் அம்மா உடலுழைப்பைத் தருகிறாள். நான்கு பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறக்கின்றன. ஐந்தாவதாக வரும் பென் வயிற்றிலேயே உதைத்துப் புரட்டுகிறான். பிறந்தவன் கனத்தவன், பலசாலி, யாரிடமும் ஒட்டாதவன். வீட்டில் நாய் சாகிறது. விருந்தினர் வரவு குறைகிறது. பையனிடம் தவறில்லை, உனக்குத்தான் அவனைப் பிடிக்கவில்லை என்கிறார் டாக்டர். கடைசியில் குடும்பமே கூடி அவனை ஒரு விடுதிக்கு அனுப்புகிறது. அங்கே அனுப்பப்படும் பிள்ளைகள் நீண்டநாள் உயிரோடிருப்பதில்லை என்பது எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். வீடு மறுபடி சிரிக்கிறது. ஹாரியட் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறாள். மயக்க மருந்து ஏற்றி, கைகள் கட்டப்பட்டு, தன் கழிவிலேயே கிடக்கிறான் பென். தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். அவனைக் காப்பாற்றுகிறாள், மற்ற நால்வரையும் ஒவ்வொருவராக இழக்கிறாள்.

பென் யார் என்பதை லெஸ்ஸிங் கடைசிவரை சொல்வதில்லை. வேற்று இனமா, ஊனமுற்ற குழந்தையா, அன்பு கிடைக்காத குழந்தையா? மாற்றுக் குழந்தைக் கதையை எடுத்து, அதைச் சொல்பவர்களை நம்பலாமா என்ற சந்தேகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். கூட்டிவந்தது தவறு என்று டேவிட் நினைக்கிறான். விட்டிருந்தால் கொலை என்று அவள் நினைக்கிறாள். இரண்டும் உண்மை.

அர்ஜென்டினாவின் சமந்தா ஷ்வெப்ளின் 2014-இல் எழுதிய குறுநாவலில் வரும் தாய் அமாண்டா எந்நேரமும் ஒரு கணக்குப் போடுகிறாள்: மகள் நீனாவுக்கு இப்போது ஏதாவது நேர்ந்தால் நான் ஓடிப்போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? இருவருக்கும் நடுவே ஒரு கயிறு இருப்பதாகவும் அது தளர்ந்தும் இறுகியும் போவதாகவும் உணர்கிறாள். சோயா வயல்கள் சூழ்ந்த ஊரில் பூச்சிமருந்து பீப்பாய்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது, அருகில் புல்லில் உட்கார்ந்த மகளின் உடை நனைந்திருக்கிறது. பனி என்று நினைத்துக்கொள்கிறாள். அந்த நிமிடம் கயிற்றின் நீளம் பூஜ்யம். தாய் பக்கத்திலேயே இருக்கிறாள், விழிப்பாகவும் இருக்கிறாள், எதுவும் உதவவில்லை. கதவைத் தாழிட்டுத் தப்பிக்கிற பேய்களின் காலம் இதோடு முடிந்துவிட்டதோ என்று தோன்றும்.

ஜெனிஃபர் கென்ட் இயக்கிய 'தி பாபடூக்' படமும் அதே 2014-இல் வந்ததுதான். பிரசவத்துக்கு அழைத்துச் சென்ற காரிலேயே கணவனை இழந்த தாய், தூக்கமில்லாமல், அந்த மகன்மேல் தனக்கிருக்கும் வெறுப்பைப் பார்க்கப் பயந்து வாழ்கிறாள். பூதம் அந்த வெறுப்புத்தான் என்று படம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. முடிவில் அது சாவதில்லை. நிலவறையில் இருக்கிறது, அவள் போய்ப் புழுக்களை வைத்துவிட்டு வருகிறாள்.

இந்த மரபின்மேல் எனக்குக் குறைகளும் உண்டு. பிள்ளையில்லாத பெண்ணைக் கண்டாலே அவளை வில்லியாக்கும் பழக்கம் லாமியாவிலிருந்து இன்றைய படங்கள்வரை தொடர்கிறது. அடுத்தவள் குழந்தையைக் கவரத் திட்டமிடும் செவிலி, தாதி, பக்கத்து வீட்டுக்காரி. ஏக்கத்தை உள்ளிருந்து எழுதாமல் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து எழுதியவை இவை. குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவளோ திகில் கதைக்குள் நுழையும்போதே தண்டனையோடு நுழைகிறாள்.

தந்தைகள் விஷயம் வேறு. இந்தக் கதைகளில் பேரத்தை முடிப்பது பெரும்பாலும் அவர்கள்தான்: கட்டையைச் செதுக்கியவன், முள்ளம்பன்றி கேட்டவன், மனைவியை விற்ற நடிகன், சிசுவை மாற்றிவைக்கச் சம்மதித்தவர். விளைவோடு வீட்டில் இருப்பது பெரும்பாலும் தாய். டேவிட் லிஞ்ச் 1977-இல் வெளியிட்ட 'இரேசர்ஹெட்' இதைத் தலைகீழாக்கியது. விடாத அழுகையில் தூங்க முடியவில்லை என்று தாய் கிளம்பிப் போய்விடுகிறாள். துணிச்சுற்றுக்குள் இன்னதென்று சொல்ல முடியாத ஒன்று, உடம்பெல்லாம் கொப்புளமாக, மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. ஒற்றை அறையில் அதனோடு இரவைக் கழிப்பவன் அப்பா. அவன் வெளியே போகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது அழுகிறது, அவன் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறான். அரை நூற்றாண்டாகியும் இந்தப் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை குறைவாகத்தான் இருக்கின்றன.